அவளைக் கேட்காமல் சொன்ன ஆமென்

என் அக்காவைப் பற்றி எங்கள் சபையில் இன்றைக்கும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். அடங்காதவள் என்று ஒரு கூட்டம். பாவம், அவளுக்கும் மனசு இருக்காதா என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் நடந்தது முழுசாகத் தெரியாது. எனக்குத் தெரியும், அந்த நாட்களில் நான் அம்மா வீட்டில் கூடவே இருந்தேன். எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருந்துவிட்டுப் போகட்டும். இதைக் கோபப்படாமல் சொல்ல என்னால் முடியாது.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கண்ணைப் பரிசோதிப்பது வேறொருவர். லென்ஸ் வந்ததும் அதை ஃபிரேமில் மாட்டி, ஆளை எதிரே உட்கார வைத்து, முகத்துக்குப் பொருத்திக் கொடுப்பது அவள் வேலை. காதுக்குப் பின்னால் வளையும் இடத்தைச் சூடு காட்டி இளக்குவாள், கொஞ்சம் வளைப்பாள், மாட்டிப் பார்ப்பாள், மறுபடி கழற்றுவாள். "இங்க அழுத்துதா? மூக்குல உறுத்துதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பரவாயில்லை என்று சொல்லி எழுந்திருப்பவரை விடமாட்டாள். "பரவாயில்லைன்னா சரியா இல்லைன்னு அர்த்தம், உட்காருங்க" என்பாள்.

எங்கள் சபை கூடுவது மரச்சாமான் கடைக்கு மேலே உள்ள ஹாலில். பிளாஸ்டிக் நாற்காலி, ஓடும்போது முனகும் மின்விசிறி, அவ்வப்போது கீச்சிடும் மைக். அக்கா அங்கே பல வருஷமாக ஞாயிறு பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்கு அவள் 'கண்ணாடி அக்கா'. வயது முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாததால் பெரியவர்களுக்கு அவள் ஒரு ஜெபக் குறிப்பு. வெள்ளிக்கிழமை ஜெபத்தில் மழைக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் நடுவில் என் அக்காவின் கல்யாணத்துக்கு நிரந்தர இடம் உண்டு.

காதல் விஷயத்தில் எங்கள் சபைக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பையனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்தால் அவன் முதலில் பாஸ்டரிடம் போக வேண்டும். பாஸ்டர் ஜெபித்துத் தலையாட்டினால் பெண்ணின் பெற்றோரிடம் போகும். பெண்ணின் காதுக்குக் கடைசியில்தான் வரும். தனியாகச் சந்திப்பது, டீக்கடையில் உட்கார்ந்து பேசுவது எல்லாம் டேட்டிங், அது உலகத்தாரின் வழி. இளம்பெண்களுக்கு இதைப் பற்றிப் பாஸ்டரின் மனைவி, எங்கள் பாஸ்டரம்மா, வகுப்பே எடுப்பார். அந்த வகுப்பில் நல்ல விஷயங்களும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். பொய் சொல்லிவிட்டுச் சுற்றாதே, அவசரத்தில் உடம்பைக் கொடுத்துவிட்டு அழாதே, ஜெபிக்காமல் முடிவெடுக்காதே. நான் அதையெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவள். அக்கா அப்படியே பிடித்துக்கொண்டவள்.

அப்படிப்பட்டவள் வாழ்க்கையில்தான் ஆம்புலன்ஸ் டிரைவர் வந்தார். நோயாளியைத் தூக்கக் குனியும்போதெல்லாம் கண்ணாடி நழுவி விழுகிறது என்று கடைக்கு வந்தார். அக்கா சரி செய்து கொடுத்தாள். ஒரு வாரத்தில் மறுபடி வந்தார். மூன்றாவது தடவை வந்தபோது கண்ணாடியில் எந்தக் கோளாறும் இல்லை. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் என்ன பிரச்சினை என்று கேட்டிருக்கிறாள்.

"கண்ணாடியில ஒண்ணுமில்லைங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, வேற கடைக்குப் போய்க்கறேன்."

அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். அந்த மனிதர் அதற்குப் பிறகு கடைப் பக்கமே வரவில்லை. அவளாகக் கூப்பிடும் வரை காத்திருந்தார். பிறகு இருவரும் கடைக்கு எதிரில் உள்ள டீக்கடையில், தெருவைப் பார்த்த மேசையில், ஊரே பார்க்க உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். அவரும் விசுவாசிதான், வேறொரு சபை. டீ வந்ததும் ஜெபம் செய்துவிட்டுத்தான் குடிப்பார்களாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"டீ ஆறிடாதாக்கா?"

"சின்ன ஜெபம்தான், ஆறாது" என்றாள், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

அம்மாவிடமும் பாஸ்டரிடமும் சொல்லிவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்த வாரத்தில்தான் கீபோர்டு அண்ணன் குறுக்கே விழுந்தார்.

கீபோர்டு அண்ணன் கெட்டவர் கிடையாது. சபையில் கீபோர்டு வாசிப்பார், நாற்காலி அடுக்குவார், எல்லாருக்கும் ஓடி ஓடி உதவுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில், மைக்கைப் பிடித்தார். கர்த்தர் தனக்குச் சொப்பனத்தில் வாழ்க்கைத்துணையைக் காட்டினார் என்றார். சபை ஸ்தோத்திரம் சொன்னது. அந்தத் துணை இந்தச் சபையிலேயே இருக்கிறார் என்றார். ஸ்தோத்திரம் இன்னும் பலமாக வந்தது. பிறகு என் அக்காவைக் கைகாட்டினார்.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஆமென். பாஸ்டர் கண்ணை மூடி அங்கேயே ஆசீர்வாத ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். பக்கத்து நாற்காலிக்காரி அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை, அழுகையும் சிரிப்புமாக அவளும் ஆமென், ஆமென் என்றாள். அக்கா எழுந்து நின்று, "எனக்கு இதுல சம்மதம் இல்லை" என்றாள். அது எனக்கு மட்டும்தான் கேட்டது. ஏனென்றால் சாட்சி சொன்ன மனிதர் அதற்குள் ஓடிப்போய்க் கீபோர்டில் உட்கார்ந்துவிட்டார். அவரே சொன்னார், அவரே மியூசிக்கும் போட்டார். நூறு பேர் இருந்த ஹாலில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஆம்புலன்ஸ்காரரைப் பற்றி அம்மாவிடம் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. டீக்கடையையும் சொன்னாள். அம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"சபையே ஆமென் சொல்லியாச்சு. இப்போ வந்து யாரோ ஒருத்தனைச் சொல்ற. நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அங்க போறது?"

"அவங்க என்னைக் கேட்டுட்டு ஆமென் சொல்லியிருந்தா உனக்கு இந்தக் கஷ்டமே இல்லைம்மா."

"அவன் சபைக்குள்ள கால் வெச்சா நான் அங்க வரமாட்டேன். உனக்கு அம்மா வேணுமா, அவன் வேணுமான்னு பார்த்துக்க."

அக்காவுக்கு இருந்தது அந்தச் சபையும் அம்மாவும்தான். அப்பா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே வேறொரு வீட்டைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அம்மா தனியாக அல்லாடியபோது தாங்கிப் பிடித்தது அந்த மரச்சாமான் கடை மாடிதான். சரி என்று தலையாட்டினால் ஆம்புலன்ஸ்காரர் போய்விடுவார். முடியாது என்றால் அம்மாவும் சபையும் போய்விடும். அன்று அவள் சாப்பிடவில்லை. ஆனாலும் மறுநாள் பாஸ்டர் கூப்பிட்டனுப்பியபோது தலை வாரி, வேலைக்குப் போகிற உடையில் நிமிர்ந்துதான் போனாள். அம்மாவும் நானும் கூடப் போனோம்.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. உடைந்த நாற்காலிகளும் டிரம்ஸும் ஒருபுறம், பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் கீபோர்டு அண்ணனும் மறுபுறம்.

"மகளே, தேவ சித்தத்தை எதிர்த்து நிக்கக் கூடாது" என்று பாஸ்டர் ஆரம்பித்தார்.

"நான் எதிர்க்கலை பாஸ்டர். அவருக்குச் சொன்ன ஆண்டவருக்கு என்னையும் தெரியும். எனக்கு ஒண்ணும் சொல்லலையே."

"உன் மனசு வேற எங்கேயோ இருக்கு. அதான் உனக்குக் கேட்கலை."

"ஆமா, வேற இடத்துலதான் இருக்கு" என்று அக்கா எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள்.

பாஸ்டர் பெருமூச்சு விட்டார். "இதுக்குப் பேருதான் டேட்டிங். இதைத்தானே வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொல்றோம்."

"பேரு என்ன வேணா வெச்சுக்கங்க. அவருக்குக் கோபம் வந்தா எப்படிப் பேசுறாரு, கையில காசு இல்லாதப்ப எப்படி இருக்காரு, நான் முடியாதுன்னு சொன்னா அதைத் தாங்குறாரா, இதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி எனக்குத் தெரிய வேண்டாமா? ஒரு ஃபிரேமையே மாட்டிப் பார்க்காம யாரும் வாங்குறதில்லை. நாங்க எதையும் ஒளிச்சுச் செய்யலை. தப்பாவும் நடந்துக்கலை."

கீபோர்டு அண்ணன் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "சிஸ்டர், சொப்பனத்துல நீங்க வெள்ளை டிரெஸ்ல..."

"அண்ணே, உங்க சொப்பனத்துக்கு வர்றேன்னு நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கலை. இத்தனை வருஷமா ஒரே ஹால்ல இருக்கோம். எனக்கு என்ன பிடிக்கும்னு ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்."

அவர் யோசித்தார். "நீங்க நல்லாப் பாடுவீங்க."

"பிள்ளைங்க சத்தத்துல நான் வாயை மட்டும்தான் அசைக்கிறேன் அண்ணே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என் தொடையில் கிள்ளினாள். கீபோர்டு அண்ணன் பாவம், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"ஆண்டவர் கதவைத் தட்டிட்டு, திறக்கிற வரைக்கும் வெளியே நிக்கிறவர்னு நீங்கதான் பாஸ்டர் பிரசங்கம் பண்ணீங்க" என்றாள் அக்கா. "அவரே நிக்கிறார். இவர் மட்டும் ஏன் தட்டாம உள்ள வர்றாரு?"

பாஸ்டருக்கு முகம் சிவந்தது. "வார்த்தையை அளந்து பேசு. எனக்கும் இப்படித்தான் சொப்பனத்துல காட்டினார். சபை ஆமென் சொல்லுச்சு, கல்யாணம் நடந்துச்சு. இருபது வருஷமா நல்லாத்தானே இருக்கோம்? இதோ, இவகிட்டயே கேளு."

அக்கா பாஸ்டரம்மா பக்கம் திரும்பிக் கேட்டேவிட்டாள். "அம்மா, உங்களுக்கும் காட்டினாரா?"

பாஸ்டரம்மா வழக்கமாகப் பட்டென்று பதில் சொல்கிறவர். அன்று சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்குக் காட்டலை" என்றார் கடைசியில். "யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. காலேஜ் படிச்சிட்டிருந்தேன். எல்லாரும் கை தட்டிட்டாங்க. அதுக்கப்புறம் எந்திரிச்சு இல்லைன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரலை."

"நான் உன்னை நல்லாத்தானே வெச்சிருக்கேன்?" என்றார் பாஸ்டர். அவர் குரல் இறங்கிவிட்டது.

"நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. நீங்க நல்லவரா அமைஞ்சீங்க. அமையலைன்னா?"

அம்மா என் தொடையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

கீபோர்டு அண்ணன்தான் முதலில் எழுந்தார். "சிஸ்டர், மன்னிச்சிருங்க. முதல்ல உங்ககிட்டத்தான் நான் வந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபம் அத்தோடு முடிந்தது.

ஆனால் பாஸ்டர் பிடித்த பிடியை முழுசாக விடவில்லை. சொப்பன விஷயத்தை விட்டுவிடலாம், ஆனால் அந்த டிரைவரைச் சந்திப்பதை நிறுத்தும் வரை அக்கா ஞாயிறு பள்ளி எடுக்கக் கூடாது, பிள்ளைகளுக்குத் தப்பான முன்மாதிரி ஆகிவிடும் என்றார்.

பிள்ளைகள் என்றால் அக்காவுக்கு உயிர். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆனாலும் கைப்பையைத் திறந்து, படப்புத்தகங்கள் வைக்கும் அலமாரியின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வகுப்பை நீங்க எடுத்துக்கலாம் பாஸ்டர், அது உங்க அதிகாரம். ஆனா நான் சபையை விட்டுப் போயிடுவேன்னு மட்டும் நினைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை வருவேன். அவரையும் கூட்டிட்டு வருவேன். ஒளிஞ்சு பார்க்கிறதுதானே தப்பு? இனி உங்க எல்லார் முன்னாடியும் பார்க்கிறேன்."

அந்த வாரம் முழுக்க அம்மா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் அக்காவிடம், "உனக்கு நிஜமாவே அவரைப் பிடிச்சிருக்கா?" என்றாள். அக்கா, "பிடிச்சிருக்கும்மா" என்றாள். அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் நாங்கள் எழுந்தபோது அவள் வீட்டில் இல்லை. சொன்னபடியே எங்கோ கிளம்பிப் போய்விட்டாள் என்றுதான் இருவரும் நினைத்தோம். அக்கா பேசாமல் செருப்பை மாட்டினாள்.

ஆம்புலன்ஸ்காரர் மரச்சாமான் கடை வாசலில் நின்றிருந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருந்தார். வேர்த்துக் கொட்டியது. விபத்தில் சிக்கியவர்களைத் தூக்குகிற மனிதர் எங்கள் படிக்கட்டைப் பார்த்துப் பயந்தார். "வேண்டாம்னா சொல்லுங்க, நான் இங்கேயே நிக்கிறேன்" என்றார் அக்காவிடம். "மேல வாங்க" என்றாள் அவள்.

உள்ளே நுழைந்ததும் பாட்டுச் சத்தம் பாதியாகக் குறைந்தது. எல்லார் தலையும் திரும்பியது. நடு வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த காலி நாற்காலிகளைக் காட்டி, "வாங்க" என்று தலையசைத்தாள்.

ஆளை உட்கார வைக்கும் அண்ணன் ஓடிவந்து ஆம்புலன்ஸ்காரரின் வழியை மறித்தார். "பிரதர், நடு வரிசை குடும்பமா வர்றவங்களுக்கு. ஆண்கள் அந்தப் பக்கம்."

"குடும்பம்தான்" என்றாள் அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

மறித்த அண்ணன் தயங்கினார். மேடையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார். "அதில்லைம்மா, பாஸ்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"பொண்ணைக் கேட்டாச்சு" என்ற அம்மா ஆம்புலன்ஸ்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க உட்காருங்க தம்பி."