பின் சீட்டுக்கு ஏற்ற அப்சார்பர்

டாக்டருடைய காரின் பின் மட்கார்டில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, தன் எடை முழுவதையும் இறக்கி ஒரே அழுத்தாக அழுத்திவிட்டு, சட்டென்று கையை எடுத்துக்கொள்கிறார் தெய்வநாயகம். கார் ஒருமுறை எழுகிறது, தாழ்கிறது, மறுபடி எழப் பார்த்து மனம் மாறி நின்றுவிடுகிறது. தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், "பரவால்ல. இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்" என்கிறார். டாக்டர் ஒன்றும் அவரிடம் யோசனை கேட்கவில்லை. அவர் உள்ளே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தெய்வநாயகம் இருமல் மருந்து வாங்க வந்தவர்.

மலாக்காவின் காஜா பெராங்கில் தெருவோரம் நிற்கிற எந்தக் காரும் அவர் கைக்குத் தப்பியதில்லை. போன மாதம் பொன்னுதுரை வீட்டுச் சாவுக்குப் போயிருந்தார். மாலை போட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெளியே வந்தார். வாசலில் சாவு வண்டி நின்றது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதையும் பின்பக்கமாக ஒரு அழுத்து அழுத்திவிட்டார். "ரொம்பத் துள்ளுது. இதுல எப்படி லா ஒரு மனுசன் நிம்மதியா போறது?" என்று பக்கத்தில் நின்றவரிடம் வருத்தப்பட்டாராம்.

ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் இவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, பாக்கெட்டில் எதற்கும் பயன்படாத பேனா. மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்து, தோட்டத்துத் துரை சீமைக்குக் கப்பலேறியபோது அவருடைய கறுப்பு ஹம்பர் காரை இவர் வாங்கிக்கொண்டார். தேக்கு நிற மரப்பலகை பதித்த முன்பக்கம், சோபாவைப் போல அகன்ற தோல் சீட்டு, நின்றால் வீட்டு வாசலையே அடைத்துக்கொள்ளும் உடம்பு. இவர் வாழ்நாளில் ஓட்டிப் பழகியது ஒரு சைக்கிளும், தோட்டத்து வேனும்தான்.

அந்தக் காரின் பின் சீட்டில் துரைசாணி சாய்ந்து உட்கார்ந்து போவதை, ஆபீஸ் வாசலில் நின்று செம்மண் தூசியைத் தின்றபடி ஆண்டுக்கணக்காகப் பார்த்தவர் அவர். என்றைக்காவது அந்த இடத்தில் தன் மனைவி பூங்காவனம் உட்காரவேண்டும் என்று அப்போதே மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை, பூங்காவனத்திடமும்கூட. இந்த ஆசையைக் கேலி செய்ய யாருக்கும் மனம் வராது. அதை நிறைவேற்ற அவர் புறப்பட்ட விதத்தைத்தான் கேலி செய்யாமல் இருக்க முடியவில்லை.

முதல் பயணமே கோணலாகிவிட்டது. பூங்காவனத்தைப் பின் சீட்டில் ஏற்றி, ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் புறப்பட்டார். காரின் அப்சார்பர்கள், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கி உட்காரவைக்கிற எண்ணெய்க் குழாய்கள், தோட்டத்துப் பாதையில் உழைத்து ஓய்ந்துபோயிருந்தன. ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த பள்ளம் வரை கார் ஆடிக்கொண்டே போயிற்று. கோயில் வாசலில் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, பூங்காவனம் கதவைத் திறந்து, இறங்காமலே வாந்தி எடுத்தார். பட்டுச் சேலை போனது போகட்டும், பார்த்தவர்கள் முகத்தைத்தான் அவரால் மறக்க முடியவில்லை.

"எனக்கு பேச்சாவே போதுங்க. அது ஆடாது, அசையாது. போற வழியில நாலு பேர்கிட்ட பேசவும் செய்யலாம்" என்று அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து அவர் பேச்சா என்கிற மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷாவில் முன்னால் போக, பின்னாலேயே காலி ஹம்பரை உருட்டிக்கொண்டு தெய்வநாயகம் போவது ஊருக்கு நல்ல வேடிக்கையானது.

தோற்றுப்போகிற ஆள் இல்லை அவர். புங்கா ராயா பக்கம் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் கருணாகரனிடம் போனார். கருணாகரன் பொறுமைசாலி, பாவம். சாதாரண அப்சார்பர் இருக்கிறது, மாட்டிவிட்டு மறந்துவிடலாம் என்றார். தெய்வநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை. நமக்கு வேண்டிய அளவுக்கு இளக்கவும் இறுக்கவும் முடிகிற தினுசு வேண்டுமாம்.

"அப்படின்னா இது இருக்கு, கிராணி ஐயா. கார் அடியில படுத்து, இந்த நட்ட ஸ்பானர் போட்டுத் திருப்பணும். எவ்வளவு வேணுமோ டைட் பண்ணிக்கலாம்."

"இந்தச் சட்டையோட நான் கார் அடியில படுக்குறதா?"

"சட்டைய கழட்டிட்டு படுங்க லா."

தெய்வநாயகம் கஞ்சி போட்ட காலரை நிமிர்த்தி விட்டுக்கொண்டார். கருணாகரன் பெருமூச்சு விட்டு, சிங்கப்பூரிலிருந்து வரவழைக்கவேண்டிய இன்னொரு தினுசைப் பற்றிச் சொன்னார். முன்னால் இரண்டும் சாதாரணம். பின்னால் இரண்டுக்கும் வயர் இழுத்து, டிரைவர் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு திருகு வைத்துவிடுவார்களாம். ஒன்றில் வைத்தால் மெத்தை, நான்கில் வைத்தால் கல். ஓட்டிக்கொண்டே மாற்றலாம்.

இதைக் கேட்டதும் வாங்கிவிட்டார் என்று நினைக்கவேண்டாம். ஒரு மாத காலம் கடைக்கு நடந்தார். உப்புக் காற்றுக்கு வயர் தாங்குமா, மழைக்காலத்தில் எண்ணெய் இறுகுமா, திருகு கறுப்பில் வருமா, தேக்கு நிறத்தில் வருமா என்று கேட்டுக் கேட்டுக் கருணாகரனின் உயிரை எடுத்தார். கடைசியில் ஒருநாள் கடைக்காரர், "ஐயா, யாருக்குத்தான் இந்தச் சாமான்? காருக்கா, வீட்டு அம்மாவுக்கா?" என்று கேட்டார். அதற்குத் தெய்வநாயகம் வெட்கப்பட்டதாகக் கருணாகரன் சத்தியம் செய்கிறார். அன்றைக்கே சரி சொல்லிவிட்டார்.

சாமான் வந்தது, மாட்டியாயிற்று, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு திருகும் முளைத்தது. தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பமானது. ஒன்றா, இரண்டா, மூன்றா, நான்கா? பூங்காவனத்தை மறுபடி ஏற்றுவது என்றால் ஒரே ஒரு தரம்தான் ஏற்ற முடியும். அந்தத் தரமும் வயிற்றைப் புரட்டிவிட்டால், அந்தச் சீட்டு காலத்துக்கும் காலிதான். அது அவருக்குத் தெரியும். இரவில் படுத்தால் விரல்கள் தானாகத் திருகின.

முதலில் அக்கம்பக்கத்தாரை ஏற்றிச் சோதனை நடத்தினார். தேவதாஸ் வாத்தியாருக்கு மூன்று பிடித்தது. அவர் மனைவிக்கு மூன்றில் இடுப்பு வலித்தது. அடுத்த வீட்டுக் கமலவேணி மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண்மணி. கெபாயா என்கிற மலாய் உடை உடுத்தி, நெற்றியில் திருநீறு இட்டு, வாயைத் திறந்தால் மலாயில் பேசுபவர். ஒன்றாம் எண்ணில் புக்கிட் பாரு வளைவைத் திரும்பியதும் முன் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இனி கரேத்தா கா, சம்பான் கா?" என்று கேட்டார். இது காரா, படகா என்று மலாயில் கேள்வி. அதற்குப் பிறகு ஹம்பர் உறுமும் சத்தம் கேட்டாலே தெருவில் வாசல் கதவுகள் சாத்திக்கொண்டன.

ஆகவே ஆட்களை விட்டுவிட்டு அரிசியைப் பிடித்தார். பின் சீட்டில் எவ்வளவு எடை இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடிதான் திருகு சரியாகப் பேசும் என்பது அவர் கண்டுபிடிப்பு. பூங்காவனத்தின் எடைக்கு இணையாக அரிசியை ஏற்றி, பக்கத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்து ஓட்டினால், எந்த எண்ணில் தண்ணீர் சிந்தாமல் இருக்கிறதோ அதுதான் எண். எடை என்ன என்று மனைவியிடம் கேட்கும் அளவுக்கு அவர் விவரம் கெட்டவர் இல்லை. கண்ணால் மதிப்புப் போட்டு, ஒரு முழு மூட்டையின் மேல் ஒரு அரை மூட்டையைத் தூக்கி வைத்தார்.

முதல் வளைவிலேயே மேல் மூட்டை கவிழ்ந்தது. வீட்டுக்குத் திரும்பி, கொடியில் கையில் கிடைத்த சேலையை எடுத்து வந்து, இரண்டையும் சேர்த்து, சீட்டோடு சுற்றி இறுக்கிக் கட்டினார். அரிசித் தூசி தோல் சீட்டில் படியாமல் இருக்க, மீதித் துணியை மேலே போர்த்திவிட்டார். அது பூங்காவனத்தின் மாம்பழ நிறச் சேலை. எல்லா விசேஷத்துக்கும் அதையே உடுத்திப் போனதால் ஊரே அதை அறியும். தெய்வநாயகத்தின் கண் செம்பில் இருந்ததே தவிர, வெளியிலிருந்து பார்த்தால் அந்த மூட்டை எப்படித் தெரியும் என்பதில் இல்லை.

அன்று சாயங்காலம் முழுக்க ஓட்டினார். காஜா பெராங் ரோட்டில் மேலும் கீழும், புக்கிட் பாரு வரை ஒரு நடை, பிறகு சாயங்காலப் பூசை நேரத்தில் கோயில் தெருவில் ஒரு நடை. மூன்றாம் எண்ணில் தண்ணீர் அசையவில்லை. பாட்டுக்கூட முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பூங்காவனம் வழக்கம்போல் பேச்சாவில் கோயிலுக்குப் போனார். போகிற வழியில் பார்க்கிற எல்லோரிடமும் நலம் விசாரிக்காமல் அவரால் தெருவைக் கடக்க முடியாது. யார் வீட்டில் பிள்ளைப்பேறு, யாருக்குக் காய்ச்சல் என்பது அவருக்கு மனப்பாடம். அன்று ஒருத்தரும் முகம் கொடுக்கவில்லை. சன்னதியில் கையில் குங்குமத்தோடு போய் நின்றால், கோயில் சிநேகிதி ஜெயா நெற்றியைக் காட்டாமல் தூணைப் பார்த்தார்.

"என்னா ஜெயா, மேலுக்கு முடியலையா?"

"எனக்கு என்னாக்கா? நல்லாத்தான் இருக்கேன். நேத்து உங்களப் பாத்துக் கையத் தூக்கித் தூக்கித் தோள்தான் வலிச்சுப் போச்சு. நீங்க முக்காடு போட்டுக்கிட்டு, நேராப் பாத்துக்கிட்டுப் போறீங்க. காருல ஏறிட்டா கீழ உள்ளவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டோம்போல."

"நேத்தா? நான் நேத்து வீட்ட விட்டே எறங்கலையே."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கமலவேணி வருத்தத்தோடு தலையை ஆட்டி, "சுடா சொம்போங், அக்கா" என்றார். உங்களுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று அடுத்த வீட்டுக்காரியே சொன்னபோது பூங்காவனத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வாந்தி எடுத்த அன்றுகூட இந்த அளவுக்கு அவமானம் இல்லை.

வீட்டுக்கு வந்தவர் நேராகக் கார் கொட்டகைக்குப் போனார். பின் கதவைத் திறந்தார். மாம்பழ நிறச் சேலையில், துரைசாணியின் இடத்தில், மூட்டை நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. தெய்வநாயகம் துடைக்கிற துணியோடு ஓடிவந்தார்.

"இது யாரு?"

"அரிசி மூட்ட."

"அது தெரியுது. யாருக்குப் பதிலா?"

மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் சொன்னார். துரைசாணியைப் பார்த்த நாளிலிருந்து திருகு வரைக்கும் சொன்னார். சொல்லச் சொல்லப் பூங்காவனத்தின் முகம் இளகத்தான் செய்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "வெயிட்டு ஒன் வெயிட்டுத்தான். ஒன்றர மூட்ட, கரெக்டா வெச்சேன்" என்று பெருமையாக முடித்தார்.

"ஒன்றர மூட்டையா நான்?"

"பழைய அரிசி பூங்காவனம். கனம் இருக்காது."

அன்று இரவு அவருக்கு அந்தப் பழைய அரிசியைத்தான் வடித்துப் போட்டார் மனைவி, ரசம் இல்லாமல். சாப்பிட்டுக் கை கழுவும்போது பூங்காவனம் சொன்னார்: "நாளைக்கு சாயந்தரம் கார எடுங்க. அந்த மூட்ட எந்த வழியா போச்சோ, அதே வழியா நான் போகணும். மக்க மனுசர் பாக்கணும்."

தெய்வநாயகத்துக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை, பயத்திலும் வரவில்லை. மறுநாள் திருகை மூன்றில் வைத்து, இரண்டுக்கு மாற்றி, மறுபடி மூன்றுக்கு வந்தார். பூங்காவனம் புதுச் சேலை உடுத்தி, தலையில் முக்காடு இல்லாமல், பூ வைத்துக்கொண்டு ஏறினார். ஏறியதும் கண்ணாடியைக் கடைசி வரை இறக்கினார்.

"எப்படி இருக்கு? ஆடுதா?"

"மெதுவா போங்க."

போனார். மெதுவாக என்றால், பேச்சாக்காரர் ஒருவர் மணி அடித்துக்கொண்டு அவரை முந்திப் போனார். அந்த வேகத்தில் அப்சார்பருக்கு ஒரு வேலையும் இல்லை. பூங்காவனம் ஒவ்வொரு வாசலுக்கும் குனிந்து கும்பிட்டார். ஒரு வாசலில் நின்ற இளைஞரிடம், "ஜெயபாலன், அம்மாவுக்குக் காலு தேவலையா?" என்றார். தேவதாஸ் வாத்தியார் வீட்டு முன்னால் காரையே நிறுத்தவைத்து, இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டு, வெந்தயக் கஷாயம் சொல்லிக்கொடுத்தார். முன் சீட்டில் தெய்வநாயகம் விட்டு விட்டு, "இப்ப மூணு. ரெண்டுல வைக்கட்டுமா? இடுப்புக்கு எதமா இருக்கும்" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கோயில் தெருவுக்குள் கார் நுழைந்தது. ஜெயாவும் கமலவேணியும் மற்ற பெண்களும் வாசலில் பூக்காரரைச் சூழ்ந்துகொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கறுப்பு ஹம்பர் சத்தமில்லாமல் அவர்களைக் கடக்கப் பார்த்தது. ரோட்டில் ஒரு சின்னப் பள்ளம் தெரிந்ததும் தெய்வநாயகத்தின் கை அவசரமாகத் திருகுக்குப் போனது.

பின் சீட்டிலிருந்து பூங்காவனம் எட்டி, அந்தக் கையைப் பிடித்துத் திருகிலிருந்து எடுத்து, ஹார்ன் மேல் வைத்து அழுத்தினார்.