சம்பந்திகள் ஆடிய லூடோ

எங்கள் கல்யாணத்தில் என் அப்பாவுக்கும் விருப்பமில்லை, என் மாமியாருக்கும் விருப்பமில்லை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், அவர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். சம்பந்திகள் இருவரும் அதன் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இத்தனைக்கும் இருவரும் இருப்பது போடியில்தான். மகளின் முதல் பிறந்தநாளுக்கு மலைமேல் சின்னக்கானலில் எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தார்கள்.

அன்று மாலையே திரும்புவதாக இருந்தது. மதியம் பிடித்த மழை விடவில்லை. போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. மறுநாள் காலையிலும் பாதை திறக்கவில்லை. கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. அப்பா ஜன்னலைப் பார்த்தபடியும் அத்தை அடுப்பைப் பார்த்தபடியும் உட்கார்ந்திருந்தார்கள். "உங்கப்பாவுக்கு இன்னும் சட்னி வேணுமான்னு கேளு" என்று அத்தை என்னிடம் சொல்வார். அப்பா அவருக்குக் கை எட்டும் தூரத்தில்தான் இருப்பார்.

குழந்தைக்கு வந்த பரிசுகளில் ஒரு லூடோ இருந்தது. ஒரு வயதுப் பிள்ளைக்கு யார் அதைக் கொடுத்தார்களோ! என் கணவர் பிரித்துப் பாயில் விரித்தார். "நாலு பேர் இருக்கோம், நாலு கலர் இருக்கு. வாங்க" என்றார். வேறு வேலை இல்லாததால் இருவருமே மறுக்கவில்லை.

கட்டையை உருட்ட ஆரம்பித்தோம். அப்பாவுக்கு ஆறு விழவே மாட்டேன் என்றது. கடைசியில் ஒரு பச்சைக் காய் வெளியே வந்து, தட்டுத் தடுமாறி முழுச் சுற்றும் முடிக்கப் போனது. அப்போது அத்தை ஐந்து போட்டு, எண்ணி நகர்த்தி, அதை வெட்டிவிட்டார்.

"அஞ்சு இல்ல. ஆறு கட்டம் தாண்டிட்டீங்க" என்றார் அப்பா, நேராக அத்தையைப் பார்த்து.

என் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

"நானா கள்ளாட்டம் ஆடுறேன்? நீங்களே எண்ணுங்க" என்று அத்தை காயைப் பழைய இடத்தில் வைத்தார்.

அப்பா விரல் வைத்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். சரியாக ஐந்துதான்.

"சரிதான் மதினி. வெட்டிக்கோங்க."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒத்தக் காயை வச்சுக்கிட்டு என்ன பாடு படுறீங்க அண்ணே!" என்றார். அப்பாவும் சிரித்தார்.

அடுத்த ஆட்டத்தில் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என் காய்களைத் துரத்தித் துரத்தி வெட்டினார்கள். கல்யாணத்தின்போது என்மேல் இருந்த கோபமெல்லாம் அதில் இருந்திருக்கலாம். எனக்கு அது வலிக்கவே இல்லை. வெட்டுப்பட்ட காயை எடுத்து வைத்துவிட்டு மறுபடி ஆறுக்குக் காத்திருந்தேன்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. குழந்தைக்கு ஞானஸ்நானமா, மொட்டையா என்ற சண்டை இன்னும் ஓடுகிறது. இப்போது நேருக்கு நேர் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் அத்தையின் போனில் லூடோ ஏற்றிக் கொடுத்தேன். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். "அதுவே உருட்டுது, அதுவே எண்ணுது. இதுல யாருகிட்டம்மா சண்டை போடுறது?"