என் குரலுக்கு அவள் முகம்

சிம்ஃபானிக் மெட்டல் என்ற வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. பெங்களூர் நீலசந்திராவில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்குச் சீட்டு எழுத வேண்டும், டோக்கன் எண்ணைக் கூப்பிட வேண்டும், ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் ரத்தம் எடுத்த பெண் என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள். ஒரு மத்தியானம், கூட்டம் இல்லாத நேரத்தில், தன் இயர்ஃபோனில் ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

"கேளுங்கக்கா, சிம்ஃபானிக் மெட்டல். உங்க கோயில் பாட்டு மாதிரியே இருக்கும். ஆனா சக்கத்தா, செமயா இருக்கும்."

முதலில் வயலின்கள் வந்தன. பிறகு ஒரு பெரிய கோரஸ். அதன்மேல் ஜல்லி லாரியைக் கவிழ்த்தது போல டிரம்மும் எலெக்ட்ரிக் கிதாரும். போதும் என்று கழற்றப் போனேன். அப்போது அந்த இரைச்சலுக்கெல்லாம் மேலே ஒரு பெண் குரல் எழுந்தது. நான் கையை இறக்கிவிட்டேன். விவேக் நகரில் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் இருபது வருடமாக நான் பாடும் அதே உச்சம். கோயிலில் நான் கொஞ்சம் தூக்கிப் பாடினால் ஆர்கன் வாசிப்பவர் தலையைத் திருப்பிப் பார்ப்பார். உடனே இறக்கிக்கொள்வேன். இவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை போலிருந்தது.

அது ஐரோப்பாவின் வடக்கில் எங்கோ இருக்கும் ஒரு இசைக்குழு. அவர்களுடைய புது ஆல்பம் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. பழைய ஆல்பங்களை எல்லாம் அவள் வரிசையாக எனக்கு அனுப்பினாள். பஸ்ஸில், சமையல்கட்டில், துணி உலர்த்தும்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். சத்தமாக வைத்துக் கேட்பதில் யாருக்கும் தொந்தரவு இல்லை.

அவள்தான் என்னை ரசிகர்களின் வாட்ஸாப் குழுவில் சேர்த்துவிட்டாள். குழுவை நடத்தியவர் சேலத்துக்காரர், ஐ.டி. கம்பெனியில் வேலை. எல்லோரும் அவரை அட்மின் என்றே கூப்பிட்டார்கள். ஆல்பம் வெளியான ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பப்பின் மாடியை அவர் ஏற்பாடு செய்திருந்தார். நான் அதற்கு முன் எந்தப் பப்புக்குள்ளும் கால் வைத்ததில்லை. பூசை முடிந்து அதே சேலையோடு போனேன். அறுபது எழுபது பேர், எல்லோரும் கறுப்பு டி-ஷர்ட். ஒருவன் கையில் இசைக்குழுவின் சின்னத்தைப் பச்சை குத்தியிருந்தான், தோல் இன்னும் சிவந்திருந்தது. ஒரு பெண் ஹொசூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ஆல்பம் ஆரம்பித்ததும் பேச்சு நின்றது. கடைசிப் பாட்டு பதினேழு நிமிடம். அதன் நடுவில் எல்லா வாத்தியமும் நின்று, பெண் குரல் மட்டும் தனியாக எட்டு வரி பாடும். அந்த இடத்தில் என் பக்கத்தில் இருந்த வாட்டசாட்டமான ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லேப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். முடிந்ததும் எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். சேலை கட்டிய என்னையும் கட்டிப்பிடித்தார்கள். அந்த நாளை நான் பொய் என்று சொல்லமாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த இசைக்குழு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. கடைசிப் பாட்டின் கோரஸையும் அந்த எட்டு வரித் தனிக்குரலையும் உலகத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் ரசிகர்கள் பாடி அனுப்பலாம், நன்றாக இருப்பதைத் தங்கள் பக்கத்தில் போடுவோம் என்று. வாட்ஸாப் குழுவில் ஆரவாரம். ஆனால் நான்கு குரலில் பிரித்துப் பாடுவது எப்படி என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"எங்க அக்காவுக்கு நோட்ஸ் தெரியும்" என்று எழுதினாள் லேப் பெண்.

ஏழு ஞாயிறு. பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு நான்கு குரலையும் கையால் எழுதினேன். பங்கு மண்டபத்தைக் கேட்க ஃபாதரிடம் போனேன். "சாத்தான் பாட்டு ஒண்ணும் இல்லையேம்மா?" என்றார். "கடலைப் பத்தின பாட்டு ஃபாதர்" என்றேன். சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். முப்பது பேர் வந்தார்கள். பாதிப் பேருக்குச் சுருதியே நிற்காது. தாடி வைத்த பையன்களை வரிசையாக நிற்கவைத்து, வயிற்றில் கை வைத்து மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாவது வாரம் நான்கு குரலும் சேர்ந்து முதன்முறையாகப் பிசிறில்லாமல் நின்றபோது, பாடி முடித்த அவர்களே கை தட்டினார்கள்.

அந்த எட்டு வரியை நான்தான் பாட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்தோம். ஒரே தடவையில் முடிந்தது. ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இருபது வருடத்தில் முதல் தடவையாக, யாருக்காகவும் இறக்காமல் பாடியிருந்தேன்.

அந்த நாட்களில் லேப் பெண் என்னிடம் அடிக்கடி சந்தேகம் கேட்பாள். "அந்த மூணாவது வரியில எங்கக்கா மூச்சு விடறீங்க? வார்த்தைக்கு முன்னாடியா, நடுவுலயா?" நானும் மேசைக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பாடிக் காட்டுவேன். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

வீடியோவுக்காகக் கறுப்பில் நீளமான கவுன் ஒன்று தைக்கக் கொடுத்தேன். அளவெடுத்த தையல்காரர், "யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். நகரத்துக்கு வெளியே பாறைகள் இருக்கும் ஒரு இடத்தில் படம் பிடிப்பதாகத் திட்டம். அட்மின் போன் செய்தார்.

"அக்கா, இந்த சனிக்கிழமை சும்மா ஆளுங்க நடக்கற ஷாட் மட்டும்தான். நீங்க லீவு போட வேணாம். உங்க பார்ட்டைத் தனியா எடுத்துக்கலாம்."

கவுனும் தைத்து முடியவில்லை. சரி என்றேன். அந்தச் சனிக்கிழமை லேப் பெண் காய்ச்சல் என்று லீவு சொல்லியிருந்தாள். ரத்தம் எடுக்க வேறு ஆளை வரவழைத்து, அன்று முழுக்க நான்தான் சமாளித்தேன். சாயங்காலம் அவளுக்குப் போன் செய்து, மிளகு ரசம் வைத்துக் குடி என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

பத்து நாள் கழித்து ஒரு காலை, மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் போன் விடாமல் அதிர்ந்தது. வீடியோ வந்துவிட்டது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. திறந்து பார்த்தேன். பாறைகள், மேகம், கறுப்பு உடையில் முப்பது பேர். பிறகு எல்லாம் அடங்கி அந்த எட்டு வரி வந்தது. என் குரல். பாறை உச்சியில் கூந்தல் பறக்க நின்று வாயசைத்தது லேப் பெண்.

அவள் உதடுகள் சரியாக அசைந்தன. மூன்றாவது வரியில், வார்த்தைக்கு நடுவில், நான் சொல்லிக்கொடுத்த இடத்தில் அவள் மார்பு ஏறி இறங்கியது. கடைசியில் பெயர்கள் ஓடின. தனிக்குரல் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. என் பெயர் 'பயிற்சிக்கு உதவியவர்கள்' என்பதற்குக் கீழே, மண்டபச் சாவி கொடுத்த ஃபாதருக்கு அடுத்து.

அவள் உள்ளே ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"என்னடி இது?"

"அட்மின்தான்கா... கடைசி நிமிஷத்துல நில்லுன்னாரு."

"கடைசி நிமிஷமா? மூச்சு எங்க விடணும்னு ஒரு மாசமா என்கிட்ட கேட்டியே."

அவள் கழுத்து மட்டும் சிவந்தது. என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

அட்மினை அன்றே பார்த்தேன். வேலை முடிந்து ஒரு தர்ஷினி ஓட்டலில் காபியோடு நின்றுகொண்டு பேசினோம்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இந்த மாதிரி மியூசிக்குக்கு ஒரு லுக் இருக்கு."

"என்ன லுக்?"

அவர் காபியைப் பார்த்தார். நான் குட்டை, கனத்த உடம்பு, கறுப்பு. நாற்பதை நெருங்குகிறவள். இதில் எதையும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் காபியை அவர் சட்டையில் ஊற்றியிருப்பேன்.

"வாய்ஸ் உங்களதுதானேக்கா. நமக்கெல்லாம் தெரியும்ல?"

"நமக்குத் தெரிஞ்சதை ஏன் எழுதல?"

"சினிமால எல்லாம் அப்படித்தானேக்கா..."

"சினிமால பாடறவங்க பேரைப் போடுவாங்க."

பார்க்கிறேன் என்றார். அடுத்த நாள் அந்த இசைக்குழு எங்கள் வீடியோவைத் தங்கள் பக்கத்தில் போட்டது. அந்தப் பாட்டைப் பாடிய பாடகியே கீழே இரண்டு வரி எழுதியிருந்தாள், பெங்களூர்ப் பெண்ணின் குரல் தன்னை அழவைத்துவிட்டது என்று. அதற்குப் பிறகு எதையும் மாற்ற அட்மினுக்கு மனம் வரவில்லை. குழுவில் ஒரே கொண்டாட்டம். லேப் பெண்ணின் படத்தை வரைந்து போட்டார்கள். முன்பின் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் அவளுக்குச் செய்தி வந்தது. நான் சொல்லிக்கொடுத்த முப்பது பேருக்கும் உண்மை தெரியும். இரண்டு பேர் எனக்குத் தனியாக, "பாவம்கா நீங்க" என்று எழுதினார்கள். குழுவில் ஒருவரும் எழுதவில்லை. தங்கள் முகம் அந்தப் பக்கத்தில் வந்துவிட்ட சந்தோஷத்தை யாரும் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

நான்கு நாள் பொறுத்தேன். பிறகு குழுவில் நானே எழுதினேன், அந்தக் குரல் என்னுடையது என்று. பயிற்சிக்கு வராதவர்களிடமிருந்து முதலில் சிரிப்புப் பொம்மைகள். அப்புறம், "பொறாமை வேண்டாம் ஆண்ட்டி." அப்புறம், "ப்ரூஃப் குடுங்க." சமையல்கட்டில் நின்று அந்த எட்டு வரியையும் பாடி, போனில் பதிவு செய்து போட்டேன். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் அதில் லேசாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒருவன் எழுதினான்: "நல்லாத்தான் பாடறீங்க. ஆனா ஒரிஜினல் மாதிரி வரல."

அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். லேப் பெண்ணும் அந்தப் பதிவைக் கேட்டிருந்தாள். அவள் பார்த்ததற்கான நீலக் குறி இருந்தது. சாயங்காலம் அட்மின் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்.

அதோடு முடிந்திருக்கலாம். ஒரு மாதம் கழித்து அந்தப் பாடகி, தேர்ந்தெடுத்த ரசிகர்களோடு நேரலையில் பேசப்போவதாகச் செய்தி வந்தது. பெங்களூரிலிருந்து லேப் பெண். இரண்டு வரி பாடிக்காட்டச் சொல்லியிருந்தார்கள். ஒரு மத்தியானம் அவள் என் மேசைக்கு வந்து நின்றாள். அதுவரை வேலைக்கு வேண்டியதைத் தவிர நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

"ஒரே ஒரு தடவைக்கா. கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்னு பாடுங்க. காலைத் தொட்டுக் கேக்கறேன். நான் அந்த பேண்டை ஸ்கூல்லருந்து கேக்கறேன்கா. அவங்க முன்னாடி நான்..."

அழுதாள். நிஜமாகவே அழுதாள். அவள் சொன்னதும் நிஜம். அந்த இசையை என்னைவிடப் பத்து வருடம் அதிகம் நேசித்தவள் அவள். பாடத்தான் வராது. அந்த நிமிடம் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வரிசையில் இருந்தவரைப் பார்த்து, "டோக்கன் இருபத்தி மூணு" என்றேன்.

நேரலைக்கு அவள் போகவில்லை. தொண்டையில் தொற்று, டாக்டர் பேசவே கூடாது என்கிறார் என்று அட்மின் அறிவித்தாராம். மறுநாள் கறுப்பு டி-ஷர்ட் போட்ட ஒரு பையன் பூங்கொத்தோடு லேபுக்கு வந்தான். மேசையில் இருந்த என்னிடம், "மேடம், அந்தப் பாட்டு பாடினவங்க இங்கதான் வேலை பாக்கறாங்களாமே?" என்று கேட்டான். அவன் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். நான்தான் அது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவன் என்னை மேலும் கீழும் பார்ப்பான்.

"உள்ள இருக்காங்க. போங்க" என்றேன்.

அந்த வருடக் கடைசியில் அவளுக்கு வேறு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போகும் நாளில் மேனேஜர் கேக் வாங்கி வைத்து எல்லோரையும் கூப்பிட்டார். கேக் வெட்டியதும் நேராக வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஸாரிக்கா" என்று காதில் சொன்னாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். தப்பை ஊரே பார்க்கச் செய்தவள், மன்னிப்பை என் காதுக்கு மட்டும் சொன்னாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். போட்டோ எடுத்தார்கள். அதில் இருவரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஆல்பத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டேன். ஞாயிறு பூசையில் இப்போதும் பாடுகிறேன். உச்சத்துக்குப் போகும் இடங்களை வேறொரு பெண்ணுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். ஆர்கன் வாசிப்பவருக்கு அதில் நிம்மதி.

அவளுடைய அறைக்கு இப்போது தர்மபுரியிலிருந்து வந்த ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். நல்ல பெண். போன வாரம் டீ குடிக்கும்போது கேட்டாள்.

"அக்கா, நீங்க ரொம்ப நல்லா பாடுவீங்களாமே?"

"யாரோ தப்பா சொல்லியிருக்காங்க" என்றேன்.