கவிழ்த்துப் பார்ப்பவர்

“இதச் செஞ்சவன் பேரு எங்க?”

டீக்கடை முக்காலியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தங்கையன் கேட்கிறார். டீ ஆறுகிறது. முக்காலியின் அடியில் பெயிண்டில் ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. “இது வாங்குனவன் பேரு. செஞ்சவன் பேரக் கேட்டேன்.” திருவெறும்பூர் டீக்கடைக்காரர் அடுத்த டீயை ஆற்றப் போய்விடுகிறார். அறுபத்திரண்டு வயதாகும் அவர், எதைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். ஒரு கல்யாண வீட்டில் பாயசம் இருந்த டம்ளரையே கவிழ்க்கப் போனார் என்று அவர் மனைவி பாப்பாயி சொல்வது மிகையாகவும் இருக்கலாம்.

ஆனால் கேள்வி மிகையல்ல. ஒரு பொருளில், அதைச் செய்தவன் எங்கே இருக்கிறான்? தங்கையனின் வாழ்க்கை முழுக்க இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது என்று தோன்றுகிறது.

முப்பத்தோரு வருடம் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் வேலை பார்த்தவர். உருக்கிய இரும்பை ஊற்றுவதற்கு மணலில் அச்சு எடுக்க வேண்டும். அந்த அச்சுக்கு முதலில் மரத்தில் ஓர் உரு வேண்டும். அந்த உருவைச் செதுக்குவதுதான் அவர் வேலை. ஆறும்போது இரும்பு சுருங்கும் என்பதால், அவருடைய அளவுகோலில் ஓர் அடி என்பது நிஜமான அடியைவிடச் சற்று நீளம். மர உருவின் மேல் கம்பெனியின் எண் இருக்கும். வார்ப்பு லாரியில் போகும், உரு பரணுக்குப் போகும். கடைசியில் அந்த வேலை மெஷினுக்குப் போனபோது தங்கையன் வீட்டுக்கு வந்தார். எட்டு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவரை எழுப்பியது ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் கைவினைப் பொருள் கடை வைத்திருக்கும் ப்ரியம்வதா. தேக்கில் அஞ்சறைப்பெட்டி செய்து தர முடியுமா என்று கேட்டார். தங்கையனின் பெட்டியைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். மூடி சிக்காமல் ஓடும், சீரகம் மிளகு அறைக்குள் போகாது, அவ்வளவுதான். அந்த அவ்வளவைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு. அறுப்பதும் பொருத்துவதும் அவர். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசுவது பாப்பாயி. பாப்பாயி இடக்கைக்காரர். “ஒங்க வேலைய அப்படியே அனுப்புனா, வாங்குற பொம்பள கையில செராய் ஏறும்” என்பார்.

ஒருநாள் ஸ்ரீரங்கம் போன தங்கையன், கடையில் தன் பெட்டியையே எடுத்துக் கவிழ்த்தார். அடியில் கடையின் பெயர் சுட்டுப் பதித்திருந்தது. அதன் கீழே ‘கையால் செய்தது’.

“மெஷின வச்சு சுட்டுப்புட்டு, கையால செஞ்சதுன்னு எழுதியிருக்கீங்களேம்மா. யாரு கையி?”

“கோச்சுக்காதீங்கோ அண்ணா. உங்க பேர்தான் அதுல எங்கயுமே இல்லையே.”

மரியாதையான பதில், உண்மையும்கூட. அதனால்தான் அப்படிச் சுட்டது. திரும்பும் வழியில் பஸ் கண்டக்டரிடம் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். “பாருய்யா, இந்தத் துண்டுச் சீட்டுல கூட ஒன் நம்பர் இருக்கு!”

பெயரைச் சுட்டு எழுத ஒரு கருவி தேடும் படலம் அன்று தொடங்கியது. பாலக்கரையில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் சால்டரிங் அயர்ன் கொடுத்தார்கள். முனை மொண்ணை. ‘ன’வின் சுழிகள் அடைபட்டு கரிப்பொட்டாயின. “பேரு போடச் சொன்னா திருஷ்டிப் பொட்டு வைக்குது. கம்பிக்கு ஈயம் வைக்கிறத எழுதுறதுக்குன்னு விக்கிறீங்களே, மனசாட்சி வேணாமா?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்தது பார்சலில் வந்த சூட்டுப் பேனா. முனையில் வளைந்த மெல்லிய கம்பி, சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. அட்டையில் ‘எல்லா மரத்துக்கும் ஏற்றது’ என்றிருந்தது. “எழுதுனவன் ஒரு மரத்தையாவது தொட்டிருப்பானா?” தேக்கில் மென்மையான வரி தொட்டதும் கருகும், பக்கத்திலேயே இருக்கும் கெட்டி வரி அசையாது. கழிவுத் துண்டுகளில் மூன்று வாரம் எழுதிப் பார்த்தார். பேனா மரத்தைத் தொடுமுன்பே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும், எடுக்கும்போதும் நகர வேண்டும். கண நேரம் நின்றால் கரி தேங்கும். கடைசியில் பெயர் முடி கனத்தில் வந்தது. இருபது பெட்டிகளின் அடியில் எழுதினார். பாப்பாயி எண்ணெய் பூசி, நியூஸ்பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டு வாரம் கழித்துத் தங்கையன் அதே கடையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்தார். கடையின் பெயரும் ‘கையால் செய்தது’ என்பதும் மட்டும் இருந்தன. செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால், ‘ங்’கின் தடம் மங்கலாகத் தெரிந்தது.

“எம் பேரத் தேய்ச்சது யாரு?” கோவிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

“எங்க கடை பேர் மட்டும்தான் இருக்கணும்னு சொல்லி அனுப்பிச்சேனே அண்ணா...” ப்ரியம்வதா முடிப்பதற்குள் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறிவிட்டார்.

மூன்று நாள் வீடு அதிர்ந்தது. “திருடுனா கூடப் பரவால்ல. அழிக்கிறாங்க புள்ள!” அவர் கோபத்தில் பிழை சொல்ல முடியவில்லை. செய்தவனை அழித்துவிட்டுக் கையை மட்டும் புகழும் வியாபாரம் எந்தக் கணக்கில் நியாயம்?

பாப்பாயி மட்டும் ஒருமுறை சொன்னார்: “அந்தக் கடையும் வேணாம்னா, மறுபடி செவுத்தப் பாத்து உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. பழைய அளவுகோலை எடுத்தார். மரத்தில் தன் பெயரை இடவலம் மாற்றிச் செதுக்கினார். தெரிந்த பவுண்டரியில் அதைப் பித்தளையில் வார்த்து, கம்பியில் பிடி போட்டு வாங்கி வந்தார். அத்தனை வருடத்தில் அவர் பெயர் தாங்கிய முதல் பேட்டர்ன் அது. இந்த முத்திரை ஒரு நூல், அதாவது மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுடும். “இனிமே எந்த உப்புத்தாள் அழிக்குதுன்னு பாக்குறேன்.”

காலையில் முத்திரை கேஸ் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. புதிதாகச் செய்த பெட்டிகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன.

“இம்புட்டு ஆழமா சுட்டா அந்தப் பொண்ணு எடுக்காதுங்க.”

“எடுக்காட்டிப் போவுது!”

சோதித்துப் பார்க்க, ஸ்ரீரங்கத்திலிருந்து கொண்டுவந்த பெட்டியை ஜன்னல் கட்டையில் கவிழ்த்து வைத்தார். சாய்ந்த வெயில் அதன் அடியில் விழுந்தது. கடைப் பெயருக்குக் கீழே உப்புத்தாளின் கீறல்கள் தெரிந்தன. எல்லாம் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தன. தேய்த்து முடித்த இடத்தில் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை வழித்துவிட்ட அடையாளமும் இருந்தது. அப்படி முடிக்கும் கையை அவர் முப்பத்தைந்து வருடமாகப் பார்த்துவருகிறார்.

அந்த அடையாளத்தின் மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பாப்பாயி முதுகைக் காட்டி நின்று, நியூஸ்பேப்பரை மடித்ததையே மறுபடி மடித்தார்.

தங்கையன் அடுப்பை அணைத்தார். சூட்டுப் பேனாவின் ஸ்விட்சைப் போட்டு, முனை சிவக்கும்வரை காத்திருந்தார். முதல் பெட்டியின் அடியில் தன் பெயரை முடி கனத்தில் எழுதி, புகையை ஊதினார். பிறகு அதன்மேல் ஓர் உப்புத்தாளை வைத்து, பாப்பாயியின் இடக்கைப் பக்கமாகத் தள்ளினார்.