கண்ணளவு மாஸ்டர்

மேல் கைக் குவளையிலிருந்து கீழ்க் கைக் குவளைக்கு டீ இறங்கும்போது மாஸ்டர் அதைப் பார்ப்பதே இல்லை. தெருவில் போகிறவரை நிறுத்தி வம்பளந்துகொண்டிருப்பார். தூளுக்கும் சர்க்கரைக்கும் அளவு உண்டா என்று கேட்டால் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். "எல்லாம் கண்ணளவுதான் சார். கரண்டியெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு."

இந்தப் பெருமை கடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. மனைவி மறுபடி தையல் கம்பெனிக்குப் போகத் தொடங்கியதும், பகலில் கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுப்பது மாஸ்டர் பொறுப்பானது. பால்பவுடரைக் குத்துமதிப்பாகக் கொட்டுவார், வெந்நீர் விடுவார், நிறம் பார்ப்பார். பிறகு பழக்கதோஷத்தில் இரண்டு குவளைகளில் ஆற்றி, நுரை ததும்பப் புட்டியை நிரப்புவார். மகள் குடித்துவிட்டு விடும் ஏப்பத்தைக் கேட்டு அவருக்கே வயிறு நிறைந்துவிடும்.

ஆனால் பிள்ளை தேறவில்லை. தொடையில் சதை வற்றித் தோல் மடிந்தது. அழவும் தெம்பில்லாமல் எந்நேரமும் தூங்கினாள்; அதையும் சமர்த்து என்றார் மனிதர். பழி முழுக்க மனைவி தலையில் விழுந்தது. ராத்திரி அவள் கொடுக்கும் தாய்ப்பாலில் சத்தில்லையாம். அவள் வீட்டு ஆட்கள் எல்லோருமே ஈர்க்குச்சியாம். கடையில் வைத்தே சொல்வார், வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எடை பார்த்த நர்ஸம்மாவின் முகம் மாறியது. டாக்டர் தலை முதல் கால் வரை சோதித்துவிட்டு நோய் ஒன்றும் தெரியவில்லை என்றார். அப்படியானால் சாப்பாட்டைப் பார்ப்போம் என்று, பகலில் எப்படிப் பால் கலக்குகிறார்களோ அதே மாதிரி கலக்கிக் காட்டச் சொன்னார் நர்ஸம்மா. மாஸ்டருக்குக் குஷி. சட்டைக் கையை மடித்துவிட்டு, அங்கிருந்த இரண்டு டம்ளர்களை எடுத்து ஆற்றினார் பாருங்கள், காத்திருந்த தாய்மார்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

நர்ஸம்மா புட்டியை வாங்கி மேஜைமேல் வைத்து, கொஞ்சம் பொறுங்கள் என்றார். நுரை அடங்க அடங்கப் பால் இறங்கியது. கடைசியில் மிஞ்சியது பாதிப் புட்டி; அதுவும் கழுநீர் மாதிரி.

"டீக்கு நுரை அழகுங்க. பிள்ளைக்கு அது வெறும் காத்து. மிச்சம் இருக்கிறதும் முக்கால்வாசி தண்ணி."

பசியில் கிடந்த பிள்ளையை அல்லவா மாஸ்டர் சமர்த்து என்று கொஞ்சியிருக்கிறார்! பெற்ற மகளைத் தன் கையாலேயே பட்டினி போட்டிருக்கிறார். வெட்கத்தில் காது மடல் வரை எரிந்தது.

மனைவி குரலை உயர்த்தவில்லை. "எங்கிட்டதான் கோளாறுன்னு நாலு பேர் முன்னாடி சொன்னீங்களே."

அங்கேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவருக்கு.

முதலில் கோடு வரை தண்ணீர், பிறகு தலைதட்டிய கரண்டிக் கணக்கில் பவுடர், ஆற்றவே கூடாது என்று நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வாய்க்குள் எண்ணிக்கொண்டே மாஸ்டர் கலக்கினார். மனைவியின் மடியில் குழந்தை கண் விழித்து வாயைத் திறந்தாள். அவர் உடனே கொடுத்துவிடவில்லை. புட்டியை மனைவியின் கண்ணுக்கு நேரே பிடித்து, அவள் பார்த்துத் தலையசைக்கும் வரை நீட்டிய கையோடு நின்றார்.