குனியாத முதுகு

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. தோட்டத்து முனியாண்டிக் கோயிலில் மற்றவர்கள் சாமியாடும்போதுகூட நான் பொங்கல் பானை மேல்தான் கண்ணாக இருப்பேன். ஆனால் ஜப்பான்காரன் காலத்தில் நடந்த இது என் கண்ணால் பார்த்தது, நீங்கள் சிரித்தாலும் சரி.

அப்போது ரப்பர் வாங்க ஆளில்லை, தோட்டமே மரவள்ளி நட்டுத்தான் பிழைத்தது. கிழங்கை ஈப்போ டவுனில் விற்கப் போனால் சிலிபின் பக்கத்துக் காவல் சாவடியைத் தாண்டவேண்டும், தாண்டுகிற எவனும் ஜப்பான் சிப்பாய்க்கு இடுப்பு மடியக் குனியவேண்டும். எனக்கு அங்கே மட்டும் முதுகு பிடித்துக்கொள்ளும். விழுந்த கிழங்கைப் பொறுக்கக் குனிவேன், ஆட்டுக்குட்டியைத் தூக்கக் குனிவேன், சிப்பாயைக் கண்டால் விறைத்து நிற்பேன். கன்னம் பழுக்கும். வெறும் வாயுப் பிடிப்புதான், கோபமெல்லாம் இல்லை. அந்தச் சாவடி வழியாகத்தான் என் தம்பியைச் சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிப்போனார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

கடைசியாக அறைந்தபோது சிப்பாய் அங்கே நின்ற லாரியைக் காட்டினான். அடுத்த முறை குனியாவிட்டால் நானும் சயாமுக்குத்தான். என் மனைவி செல்லம்மா பயந்துபோய், காட்டுப்பன்றியை விரட்டக் கொல்லையில் நட்டிருந்த பொம்மைக்கு முன்னால் என்னைப் பழக நிறுத்தினாள். இரும்புக் குழாயில் கட்டிய பொம்மை, தம்பியின் பழைய சட்டை போட்டது.

"இதுதான் ஜப்பான்காரன்னு நெனச்சுக்குங்க. ம், குனிங்க லா!"

"வரல புள்ள."

"கோழி புடிக்க மட்டும் வருதா?"

நல்ல வெயில், ஓர் இலைகூட அசையவில்லை. நம்பினால் நம்புங்கள், பொம்மை மெதுவாக இடுப்பு மடிந்து எனக்குக் குனிந்தது, தலையை இடது பக்கம் சாய்த்து. என்னிடம் ஏதாவது கெஞ்சவேண்டுமென்றால் தம்பி அப்படித்தான் நிற்பான். செல்லம்மா கையிலிருந்த கூடையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். நான் மரியாதைக்குத் திருப்பிக் குனிந்தேன், முதுகு சொன்னபடி கேட்டது. மறுநாள் சாவடியில் நான் குனிந்த குனிவில் சிப்பாயே ஓர் அடி பின்வாங்கினான்.

சண்டை முடிந்தது, ஜப்பான்காரன் போனான், தம்பி வரவில்லை. குழாய் மட்டும் வளைந்தபடியே கொல்லையில் நின்றது. பார்க்கப் பொறுக்காமல் சட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, குழாயைப் பட்டறையில் கொடுத்து நிமிர்த்தினேன். அன்று பிடித்த முதுகு இன்னும் விடவில்லை. சாமிக்கு முன்னாலும் விறைத்துக்கொண்டுதான் நிற்கிறேன், செருப்பைக்கூடச் செல்லம்மாதான் மாட்டிவிடுகிறாள்.

அந்தச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டால் மட்டும், அதற்கு முன்னால் என் இடுப்பு தானாக மடிகிறது. வாயுதான், வேறென்ன.