எல்லா நாளும் வெள்ளிக்கிழமை

ஐம்பத்தெட்டு வயதில் ரதிதேவிக்கு நாக்குச் செத்துப்போனது. கொரோனா வந்தது, போனது. போகும்போது ருசியையும் மணத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. சோறு, மீன்குழம்பு, தோசை, எதை வைத்தாலும் வாயில் மண்.

கணவர் விநாயகமூர்த்தி புக்கெகோஹி என்ற ஊரில் கரட் கிழங்கு பொதிசெய்யும் இடத்தில் வேலை பார்ப்பவர். வீட்டுக்குள் கால் வைத்ததும் "ருசி வந்திட்டுதோ?" என்றுதான் கேட்பார். இல்லையென்றால் அவர் முகம் வாடிப்போகும். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் "ஓம், வந்திட்டுது" என்று சொல்லிவிட்டாள். மனிதர் குழந்தைப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

வெள்ளிக்கிழமையில் சுவாமிக்குப் படைக்கும் சமையலை ருசி பார்க்காமல் இறக்குவது அவர்கள் வீட்டு வழக்கம். ருசி போன பிறகு ரதிதேவிக்கு எல்லா நாளும் வெள்ளிக்கிழமைதான். கைக்கணக்கில் உப்புப் போட்டாள். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இன்னும் கொஞ்சம் போட்டாள். அவர் வருமுன்பே தான் மட்டும் ஒரு துண்டுப் பாணைப் பாலில் தோய்த்து விழுங்கிவிடுவாள். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் மறைந்தே கிடந்தது. அவளுடைய கவலை வேறு. விநாயகமூர்த்தி குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். சீனி வருத்தமாக்கும் என்று பயந்து இரத்தம் சோதிக்க அனுப்பினாள். ஒன்றுமில்லை என்றார்கள்.

இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

மகன் விதுஷனுக்குப் பக்கத்து ஊர் பாபகூராவில் பியர் காய்ச்சும் ஒரு சின்ன இடத்தில் வேலை. எஞ்சினியரிங் படித்த பிள்ளை பீப்பாய் கழுவுகிறான் என்று சொந்தக்காரர் சிரித்தார்கள், சிரிக்கட்டும். ஒரு சனிக்கிழமை இருவரையும் அங்கே வரச் சொன்னான். கோசே என்று ஒரு ஜேர்மன் பியர். ஒரு காலத்தில் லைப்சிக் நகரத்தார் விரும்பிக் குடித்தது. போன நூற்றாண்டில் காய்ச்ச ஆளில்லாமல் நின்றே போனதாம். பிறகு யாரோ மறுபடியும் உயிர் கொடுத்திருக்கிறார்கள். கோதுமையில் செய்து, புளிக்கவைத்து, உப்பும் கொத்தமல்லியும் போடுவது. விதுஷன் தன் கையால் காய்ச்சிய முதல் பியர் அதுதான்.

"ஜஸ்ட் ஒரு வாய், அம்மா. கொத்தமல்லி கூடிட்டுதோ? யூ டெல் மீ," என்று கிளாஸை நீட்டினான்.

ரதிதேவி கிளாஸை வாங்கத் தயங்கினாள். பியரை நினைத்தல்ல. அவன் பதிலுக்குக் காத்து நிற்கிறான்; பக்கத்தில் கணவர். ஒரு சொல் பிசகினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பிள்ளையாரே என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

நாக்கின் ஓரத்தில் ஏதோ சுள்ளென்றது. பிரமையோ என்று இன்னொரு வாய் குடித்தாள். புளிப்பு! அதற்குப் பின்னால் மெல்ல, மெய்யாகவே, உப்பு! கொத்தமல்லி மருந்துக்கும் தெரியவில்லை. தெரியாவிட்டால் போகட்டும். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நல்லா இல்லையோ?" விதுஷன் பயந்துபோனான்.

"உப்புத் தெரியுதடா!"

"இட் ஷுட், அம்மா."

"இன்னும் கொஞ்சம் விடு," என்றாள். பிறந்ததிலிருந்து பியர் தொடாத மனைவி கிளாஸைக் காலியாக்குவதை விநாயகமூர்த்தி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து நேற்றைய மீன்குழம்பில் ஒரு கரண்டி வாயில் விட்டாள். விட்ட வேகத்தில் சிங்கில் துப்பினாள். கடல் தண்ணீர்.

"இஞ்சேருங்கோ! இதை எப்பிடிச் சாப்பிட்டனீங்கள்?"

"தண்ணியோட."

"உப்பெண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?"

விநாயகமூர்த்தி தலையைச் சொறிந்தார். "நான் கவலைப்படக்கூடாதெண்டுதானே ருசி வந்திட்டுதெண்டு சொன்னனீர். நான் நம்பிட்டனெண்டு நீரும் நிம்மதியா இருந்தனீர். அதை ஏன் கெடுப்பான்?"

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவ்வளவு உப்பையும் வாய் திறவாமல் தின்ற மனிதரை எவ்வளவு காலம் நினைப்பது? மகனுக்கும், எங்கோ ஜேர்மனியில் செத்துப் பிழைத்த பியருக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். எழுந்து புதிதாகக் குழம்பு வைத்து, துளியைக் கையில் விட்டு நக்கிப் பார்த்து, உப்பை அளந்து போட்டு இறக்கினாள். முதல் அகப்பையை அவருடைய சோற்றுக் கோப்பையில் வார்த்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

விநாயகமூர்த்தி ஒரு வாய் உண்டார். இன்னொரு வாய் உண்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"கொஞ்சம் உப்புக் காணாது போல கிடக்கு."